தொண்டையில் நின்ற நீர்: விழுங்குதலை ஆய்ந்தறிந்த மருத்துவத்தின் வரலாறு

நிஷாப்பூர் அறிஞர் ஸஆலிபி (ஹி. 350–429) அவர்களின் 'ஃபிக்ஹுல் லுகா'வை அரபுக் கல்லூரியின் மேல்வகுப்பில் பாடம் நடத்தும்போது மாணவர்கள் சலித்துக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஒன்றுபோல் தோன்றும் நிலைகளுக்கு இத்தனை சொற்கள் எதற்கு என்பதே அவர்களது கேள்வி. தொண்டையில் ஒன்று சிக்கிக்கொள்வதைக் குறிக்கும் வினைச்சொற்கள் அவ்விடங்களுள் ஒன்று. உணவு சிக்கினால் 'கஸ்ஸ', நீர் சிக்கினால் 'ஷரிக', எலும்பு சிக்கினால் 'ஷஜிய', தன் உமிழ்நீரே இறங்காமல் நின்றால் 'ஜரிள' என்று அரபு அகராதியறிஞர்கள் பிரித்துரைப்பர். முதற்சொல்லின் பெயர்வடிவமான 'குஸ்ஸா' குர்ஆனில் (73:13) வேதனைக்குரிய உணவின் அடைமொழியாக வருவதால் மாணவர் அதனை எளிதில் நினைவில் வைத்துக்கொள்வர். ஏனைய மூன்றும் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் அவை வெறும் அகராதிச் செல்வமாகவே இருந்தன. 1990களின் இறுதியில் என் தாய்மாமாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் கண்டு, பெரிய மருத்துவமனையொன்றில் கதிர்வீச்சு சிகிச்சை அளித்து, கட்டி கரைந்துவிட்டது என்று அனுப்பிவைத்தனர். திண்டுக்கல் புகையிலைக் கிட்டங்கியொன்றில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர் அவர். உடல்நலம் விசாரிக்கப் போன என்னிடம், "தண்ணிதான் மாப்ளே மோசம் பண்ணுது, இட்லி பேசாம இறங்கிருது" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஷரிக' என்னும் சொல்லைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அச்சொல் என் எதிரில் பாயில் அமர்ந்திருந்தது தெரியவில்லை. எட்டு மாதங்களுக்குப் பின் நுரையீரல் அழற்சியில் அவர் வபாத்தானார். மருத்துவமனைத் தாள்களைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். கட்டியின் அளவு இருந்தது. கதிர்வீச்சின் அளவு இருந்தது. அவர் எதை, எப்படி விழுங்குகிறார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளரின் விழுங்கும் திறனை ஆய்ந்தறிதல் இன்று தனியொரு மருத்துவத் துறையாக வளர்ந்துள்ளது. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எக்ஸ்-கதிரின் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்குகின்றனர். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு மொழியில் நிகழ்ந்த ஒரு தொடக்கத்தை முதலில் கூறுவது பொருந்தும்.

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தம் 'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் மூன்றாம் பாகத்தில், உணவுக்குழாயையும் இரைப்பையையும் பற்றிய பிரிவில், நோய்களைச் சொல்லுமுன் விழுங்குதல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விளக்குகிறார். நெடுக்காக ஓடும் நார்கள் உணவை ஈர்க்கின்றன, குறுக்காக ஓடுபவை அதனைத் தள்ளுகின்றன என்பது அவரது விளக்கம். அதன்பின் விழுங்கும் பாதையின் இறுக்கத்துக்கு இரண்டு வாயில்களைக் காட்டுகிறார். காரணம் உணவுக்குழாயிலேயே இருக்கலாம்; அல்லது அதற்கு அண்டையிலுள்ள உறுப்பில் இருக்கலாம். குழாயிலேயே வீக்கம், வறட்சி, வலுக்குறைவு ஆகியன நேரலாம். அண்டையில் கழுத்தெலும்பின் பிறழ்வோ குரல்வளையைச் சூழ்ந்த தசைகளின் வீக்கமோ அதை நெருக்கலாம். நாடித் தத்துவமும் நான்கு உடல்நீர்களின் கோட்பாடும் இன்று வரலாற்றின் பகுதியாகிவிட்டன. ஆயினும் 'இறங்கவில்லை' என்று வரும் நோயாளியிடம் 'தடை எங்கே, உள்ளேயா புறத்தேயா? அடைப்பா, தளர்ச்சியா?' என்று பிரித்துக் கேட்கும் அந்த முறை பழையதாகிவிடவில்லை.

புற்றுநோயை அரபு மருத்துவர் 'ஸரதான்' (நண்டு) என்றே அழைத்தனர். கிரேக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அதன் முன் அவர்கள் தம் இயலாமையை மறைக்கவில்லை. குர்துபாவின் அறுவை மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவி, முற்றிய புற்றுக்கட்டி எதையும் தாம் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்திய பிறரைக் கண்டதுமில்லை என்னும் பொருள்பட எழுதிச் சென்றார். கைராசியை விளம்பரப்படுத்தும் இக்காலத்தில் படிக்க ஆறுதலான நேர்மை அது.

இஷ்பீலிய்யாவைச் சேர்ந்த அபூ மர்வான் இப்னு ஸுஹ்ர் (மறைவு ஹி. 557 / கி.பி. 1162) இவர்களினும் ஒரு படி முன்னே சென்றார். தத்துவ மேதை இப்னு ருஷ்தின் நண்பர் அவர். இப்னு ருஷ்தின் 'குல்லிய்யாத்' மருத்துவத்தின் பொதுவிதிகளைச் சொல்ல, இப்னு ஸுஹ்ரின் 'கிதாபுத் தைஸீர்' நோயாளியின் படுக்கையருகே செய்யவேண்டியதைச் சொல்லும் துணைநூலாக அமைந்தது. உணவுக்குழாயில் எழும் ஒரு கட்டியை அதில் அவர் விவரிக்கிறார். இலேசான வலியும் சிறிது விழுங்கற் சிரமமுமாகத் தொடங்கி, நாளடைவில் எதுவுமே இறங்காத நிலையில் அது முடிகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றிய தொடக்ககாலத் தெளிவான விவரணைகளுள் இதனை மருத்துவ வரலாற்றாசிரியர் வைக்கின்றனர். நோயின் பெயரைவிட அது கூடிச்செல்லும் படிகளை அவர் குறித்துவைத்தது கருதத்தக்கது. நேற்று இறங்கியது இன்று இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்தாம் அப்படி எழுத முடியும்.

மருந்து இல்லாத அந்நோய்க்கு உணவளிக்க மூன்று வழிகளை அவர் கூறினார். வெள்ளியாலோ ஈயத்தாலோ ஆன குழலொன்றைத் தொண்டை வழியே செலுத்திப் பால் ஊட்டுவது முதல் வழி. நோயாளியைப் பால் நிறைந்த தொட்டியில் அமர்த்துவது இரண்டாவது. பின்புற வழியே சத்துநீரைச் செலுத்துவது மூன்றாவது. தோலின் வழியே பால் உடலிற் சேரும் என்ற எண்ணம் பிழையானது. முதல் வழியோ இன்றைய குழாயுணவின் முன்னோடி. விழுங்கும் தசைகள் செயலிழந்தவருக்கு ஜான் ஹன்டர் குழாய் வழியே உணவூட்டியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். வயிற்றின் மேற்புறத்திலிருந்து உள்நோக்கிக் கருவி வழியாகக் குழாய் பொருத்தும் முறை வெளியிடப்பட்டது 1980-இல். இப்னு ஸுஹ்ர் பாலைத் தேர்ந்ததை மருத்துவ அறிவென்றே கொள்ளலாம். எனினும் குர்ஆன் பாலுக்குத் தரும் அடைமொழி, தொண்டையில் தடையின்றி இறங்குவது என்று பொருள்படும் 'ஸாயிஃக்' (16:66) என்பதும் ஒரு முஸ்லிம் மருத்துவரின் நினைவில் இருந்திருக்கக் கூடும். இது என் ஊகமே. 'தைஸீர்' லத்தீனில் பெயர்க்கப்பெற்று 1490-இல் வெனிஸில் அச்சேறியது. ஐரோப்பியர் அவரை 'அவென்சோவர்' என்று அறிந்தனர்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். இங்கே இந்நோய் புகையிலையோடு பின்னிக் கிடக்கிறது.

திண்டுக்கல்லுக்குப் பூட்டும் பிரியாணியும் பெயர் தருவதற்கு முன்பே புகையிலை பெயர் தந்தது. 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று இங்கிலாந்து வரை புகழ்பெற்ற சரக்குக்கு இலை பெரிதும் திண்டுக்கல் வட்டாரத்தது. ஸ்பென்சர் நிறுவனம் இவ்வூரில் சுருட்டு ஆலை நடத்தியது. 1948-இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சுருட்டு வெளியூர் சென்றது. மெல்லும் புகையிலை உள்ளூரில் தங்கியது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இவற்றோடு ஒரு துண்டு புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு களையெடுத்த பெண்களையும் மூட்டை சுமந்த ஆண்களையும் கண்டு வளர்ந்தவன் நான். நம் மதரஸா உஸ்தாதுமார் சிலரிடமும் அப்பழக்கம் இருந்தது. புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்த ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலம் தொட்டு ஹராம், மக்ரூஹ், முபாஹ் என்று ஆலிம்கள் மூன்று திசையிலும் வாதிட்டுள்ளனர். டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ நாபுலுஸி அது ஆகுமானது என்று தனி நூலே எழுதினார். அவ்விவாதங்கள் பெரும்பாலும் புகையைப் பற்றியே நடந்தன. மெல்லுவது அதிகம் பேசப்படாமலே வெற்றிலைப் பெட்டிக்குள் அமர்ந்துகொண்டது.

மெல்லுவதன் விலையை மருத்துவர் நம் நாட்டில் வெகு முன்பே கண்டனர். 1902-இல் சென்னையில் நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர் வாய்ப்புற்றையும் வெற்றிலை மெல்லுதலையும் தொடர்புபடுத்தி எழுதினார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் 1956 முதல் தமிழகத்தைச் சேர்ந்ததுமான நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் ஐயன் ஓர் என்பவர் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றை ஆராய்ந்து 1933-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். எவரெஸ்ட் ஏறும் முயற்சிகளில் 1922-இலும் 1924-இலும் பங்கேற்ற சாமர்வெல் அம்மருத்துவமனையில்தான் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்தார். 1934-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இடையறா முயற்சியால் 1954-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்த வரலாறு பலரும் அறிந்தது.

மெல்லும் புகையிலையோடு கூடிய வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூட அத்தகையனவே என்று 2004-இல் முடிவு கூறிற்று. பாக்கைப் பற்றிய அந்த முடிவு நம் மக்களிடம் இன்னும் சேரவில்லை. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2001-இல் வந்த தடை நீதிமன்றத்தில் நிற்காமல் 2013-இல் மீண்டும் வந்தது. அந்த வழக்குகளின் கதை நீளமானது, இங்கு வேண்டியதில்லை.

நான் இங்கு கவனிக்க விரும்புவது வேறு. ரேடியமும் கத்தியும் ஆண்ட அந்தக் காலம் முழுவதும் மருத்துவத்தின் கேள்வி 'கட்டி போயிற்றா, ஆள் பிழைத்தாரா?' என்பதாக இருந்தது. அது இரக்கமற்ற கேள்வியன்று. நோயாளிகளுள் பெரும்பாலோர் முற்றிய நிலையில் வந்து சேர்ந்த நாட்டில் வேறெதைக் கேட்பது? ஆனால் ஆட்கள் பிழைக்கத் தொடங்கியபோது, பிழைத்தவர் எப்படி உண்கிறார் என்பது கேட்கப்படாமல் நின்றது. இப்னு ஸுஹ்ர் கேட்ட கேள்வி அது.

அக்கேள்விக்குக் கண் கிடைத்தது எக்ஸ்-கதிரால். ராண்ட்ஜன் அதனைக் கண்டறிந்த மறு ஆண்டில், 1896 டிசம்பரில், ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன் நாயொன்று விழுங்கிய பொத்தான் கீழிறங்குவதைத் திரையில் கண்டார். பின்னர் பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பறவைக்கும் விலங்குகளுக்கும் கொடுத்து, மோசர் என்பவரோடு சேர்ந்து 1898-இல் முடிவுகளை வெளியிட்டார். அதே முறையை மனிதனின் வாய்க்கும் தொண்டைக்கும் ஏற்றவாறு செம்மைப்படுத்தி, புற்றுநோயாளரிடம் முறையாகக் கையாண்டவர் அமெரிக்கப் பேராசிரியை ஜெரி லோகமேன். 1983-இல் வந்த அவரது நூல் இத்துறையின் பாடநூலாயிற்று. பேரியம் கலந்த உணவை நோயாளி விழுங்கும்போது அது செல்லும் வழியை எக்ஸ்-கதிர் நிகழ்படமாகப் பதிவு செய்வதே அம்முறை. 1988-இல் சூசன் லாங்மோர் குழுவினர் மூக்கின் வழியே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தி, விழுங்குமுன்னும் பின்னும் தொண்டையை நேரில் காணும் முறையை வெளியிட்டனர். கதிரும் பெரிய அறையும் வேண்டாத அம்முறை நோயாளியின் படுக்கையருகிலேயே இயலும்.

விழுங்குதல் எத்துணை நுட்பமானது என்பதை அப்படங்கள் காட்டின. ஏறத்தாழ முப்பது தசைகள் இணைந்து இயங்க, தொண்டைப் பகுதியை உணவு ஒரு நொடியளவில் கடந்துவிடுகிறது. அந்நொடியில் குரல்வளை மேலெழுந்து முன்னே நகர்கிறது, குரல் நாண்கள் மூடிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. நாக்கின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தால் உணவைத் திரட்டிப் பின்னே தள்ளும் வலு குறைகிறது. கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பியை வறளச் செய்கிறது. தசைகளை அது நாராக இறுகச் செய்வது சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்தும் தொடரக் கூடும். குரல்வளை உரிய நேரத்தில் எழாவிட்டால் ஓடும் நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாயில் புகும். தள்ளும் வலு இல்லாவிட்டால் கெட்டியான உணவு தொண்டைக் குழிவுகளில் தங்கும். 'தண்ணீர் மோசம், இட்லி பரவாயில்லை' என்ற என் மாமாவின் சொல் முதல் வகையைச் சுட்டியது. 'ஷரிக'வுக்கும் 'கஸ்ஸ'வுக்கும் இடையே அகராதி கண்ட வேறுபாடு இதுவே. தமிழிலும் நாம் உணவு 'அடைத்தது' என்றும் நீர் 'புரையேறியது' என்றும் பிரித்தே சொல்கிறோம்.

ஆய்வு எளிய படியிலிருந்து தொடங்குகிறது. முதலில் கேள்விகள்: எது இறங்குகிறது, எது இறங்கவில்லை, ஒரு வேளை உணவுக்கு எவ்வளவு நேரமாகிறது, எடை குறைந்ததா, இருமல் வருகிறதா? அடுத்து வாய்: எத்தனை விரல் நுழையுமளவு திறக்கிறது? பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்தசை வரிச்சுபோல் இறுகும் நோயில் ஒரு விரல்கூட நுழையாமற் போவதுண்டு. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்காப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு எழுதினார். நம் பழக்கம் கடல் கடந்து சென்று அங்கே பெயர் பெற்றது. பின்னர் ஆய்வாளர் கழுத்தில் விரல்களை வைத்துக் குரல்வளை எழுகிறதா என்று உணர்வார். 100 மில்லிலிட்டர் நீரைக் கொடுத்து, எத்தனை மிடறில், எத்தனை நொடியில் முடிகிறது என்று எண்ணுவார். குடித்தபின் பேசச் சொல்லி, குரலில் ஈரம் ஒலிக்கிறதா என்று செவிமடுப்பார்.

இவ்வளவும் ஒரு கோப்பையும் கடிகாரமும் கொண்டு செய்யத்தக்கவை. ஆனால் இவற்றால் மட்டும் பிடிபடாத ஓர் ஆபத்து உண்டு. நீர் மூச்சுக்குழாயில் இறங்கும்போது இருமல் எழுவது உடலின் காவல். கதிர்வீச்சால் உணர்ச்சி மங்கிய தொண்டையில் அக்காவல் உறங்கிவிடுகிறது. உணவும் நீரும் குரல் நாண்களைக் கடந்து இறங்கியும் நோயாளி அசையாமல் அமர்ந்திருப்பார். 1996-இல் ரோசன்பெக் குழுவினர் வகுத்த எட்டுப் படி அளவுகோலில் இதுவே எட்டாவது, கடைசிப் படி. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள் நம் வீட்டுப் பெண்கள். புரையேற வேண்டிய இடத்தில் புரையேறாமலே போவதைக் காட்ட, எக்ஸ்-கதிர்ப் படமோ உள்நோக்கியோ வேண்டும். ஆகவேதான் 'எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்பவரையும் ஆய்ந்து பார்க்கச் சொல்கின்றனர். சிகிச்சைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, ஆண்டுகள் கடந்தும் மீண்டும். சிகிச்சையின்போது முடிந்தவரை வாயால் உண்பதையும் விழுங்கும் பயிற்சிகளையும் கைவிடாதவர்கள் பின்னாளில் மேலான நிலையில் இருந்ததை 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. முதலில் அளந்து வைத்தால்தான் எது குறைந்தது என்று பிறகு தெரியும்.

2001-இல் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் இருபது கூற்றுகள் கொண்ட வினாத்தாளொன்றை வெளியிட்டனர். உணவு இறங்குகிறதா என்பதோடு அது நிற்பதில்லை. பிறர் முன் உண்ண நாணுகிறீர்களா, விழுங்கும் சிரமத்தால் வெளியே செல்வதைத் தவிர்க்கிறீர்களா என்ற வகையிலும் கேட்கிறது. அதைப் படித்தபோது ஒரு வலீமா விருந்து நினைவுக்கு வந்தது. சீரகசம்பா பிரியாணி பரிமாறப்பட்ட பந்தியில் மாமா உட்கார மறுத்துவிட்டார். வீட்டார் கோபம் என்று எண்ணினர். மாமி சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். உதிர்ந்த அரிசி உமிழ்நீர் இல்லாத வாயில் மணலாகத் திரியும் என்பதை அங்கிருந்த எவரும் அறிந்திருக்கவில்லை.

அந்த ரமலானில் நாங்கள் செய்த பிழை அதனினும் பெரிது. கஞ்சிதானே, எளிதில் இறங்கும் என்று பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை நாள்தோறும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். நீர்த்த கஞ்சியில் பருப்பும் வெந்தயமும் கறித்துணுக்கும் மிதக்கும். நீரும் திடமும் கலந்த உணவு, விழுங்கும் திறன் குன்றியோருக்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்கிறது இத்துறை. வாயில் திடத்தை மெல்லும்போதே நீர் தொண்டைக்குள் ஓடிவிடுகிறது. நோயாளிக்கு உகந்த உணவு என்று தலைமுறை தலைமுறையாக நாம் நம்புவதை ஒரு தேக்கரண்டி அளவில் ஆய்ந்து பார்த்தபின் கொடுப்பதே முறை. உணவின் தடிமனைப் பூஜ்யம் முதல் ஏழு வரை எண்ணிட்டுக் குறிக்கும் பன்னாட்டுத் தரவரிசை இப்போது உள்ளது. நம் கஞ்சியை முற்றிலும் மசித்து, சற்றே கெட்டியாக்கி, ஓட்டம் குறைந்த ஒரே பதத்தில் தந்திருக்கலாம். எந்தப் பதம் அவருக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

அவ்வொருவர் இங்கு பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் எனப்படுவார். 1965-இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறைக்கு நாட்டில் அடித்தளமிட்டது. பேச்சு என்றால் திக்குவாய்க் குழந்தை என்றே நாம் நினைப்பதால், புற்றுநோயாளரை அவரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்று நம்மவருக்குத் தோன்றுவதில்லை. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. மதுரையின் பெரிய மருத்துவமனைகள் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. ஆகவே தொலைவைக் காரணம் காட்ட இடமில்லை. மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியின் வீட்டாரே 'இவர் விழுங்குவதைச் சோதித்தீர்களா?' என்று கேட்கலாம். கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

'ஃபிக்ஹுல் லுகா'வின் அப்பகுதியை இப்போது நடத்தும்போது கரும்பலகையில் நான்கு வினைகளையும் எழுதிவிட்டு, மாமாவின் இட்லியையும் தண்ணீரையும் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவர் வகுப்பு முடிந்தபின் வந்து, "உஸ்தாத், எங்க நன்னிக்குத் தண்ணி குடிச்சா கொரல் மாறிப்போகுது, போன வருஷம் கன்னத்துல ஆபரேஷன் பண்ணினாங்க" என்றார். வேடசந்தூர்ப் பக்கத்துக் குடும்பம். மறுவாரம் அவர்களை மதுரைக்கு அனுப்பிவைத்தோம்.